ட்ரிப் ஆகாத பிளான்ட்டில் என்ன கத்துக்க முடியும்?

பவர் பிளான்ட் வேலைன்னு பேச்சு வந்தாலே நம்ம ஹாஸ்டல்ல மூணு கேள்விதான் வரும். சம்பளம் எவ்வளவு, நைட் ஷிஃப்ட் உண்டா, குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களா. நாலாவதா ஒரு கேள்வி இருக்கு, அதை யாரும் கேட்கறதில்ல: "உள்ள போனதும் எனக்கு எதுல வச்சு சொல்லிக் குடுப்பாங்க?"

ஓடிட்டு இருக்கற 210 மெகாவாட் யூனிட்ல யாரும் நம்மள பழக விடமாட்டாங்க. விடவும் கூடாது. அப்போ எங்க பழகறது? என் கருத்தை நேரடியா சொல்லிடறேன். ஒரு பவர் பிளான்ட்டோட கன்ட்ரோல் ரூம் நாற்காலியில உட்காரப் போற யாரா இருந்தாலும், அந்த பிளான்ட் மாதிரியே நடந்துக்கற சிமுலேட்டர்ல முதல்ல பல தடவை தோத்துட்டு வரணும். ஒரு வாரம் வகுப்பு, கடைசி நாள் சர்ட்டிஃபிகேட், குரூப் ஃபோட்டோ மட்டும் பத்தாது.

நல்லா ஓடற பிளான்ட் ஒரு மோசமான வாத்தியார்

ஆபரேட்டர் வேலையில ஒரு முரண் இருக்கு. பிளான்ட் நல்லா ஓடுச்சுன்னா எட்டு மணி நேர ஷிஃப்ட்ல பெருசா எதுவும் நடக்காது. ஸ்கிரீன்ல நம்பர்கள் லேசா ஆடும், லாக் புக்ல எழுதுவாங்க, டீ வரும். ஸ்டார்ட் அப் எப்பவாவது ஒரு தடவை, அதுவும் யாரோட ஷிஃப்ட்ல வரும்னு சொல்ல முடியாது. ஒருத்தருக்கு பத்து வருஷ அனுபவம்னு சொல்றோம். அது சில சமயம் ஒரே நாளோட அனுபவம்தான், பத்து வருஷமா திரும்பத் திரும்ப நடந்தது.

ஆனா அவரை அங்க உட்கார வச்சிருக்கறதே அந்த அமைதியான நாளுக்காக இல்ல. ஒரு ராத்திரி ரெண்டு மூணு விஷயம் ஒண்ணா கெட்டுப் போகும் பாருங்க, அந்த அஞ்சு நிமிஷத்துக்காகத்தான். அதை அவர் அதுவரைக்கும் பார்த்தே இருக்க மாட்டார்.

"இப்போ எல்லாம் ஆட்டோமேஷன் தானே, டி.சி.எஸ். பார்த்துக்கும்"னு சொல்றவங்களுக்கு 1983லயே பதில் வந்தாச்சு. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 'ஆட்டோமேஷனின் முரண்கள்' என்ற பொருள்ல ஒரு சின்ன கட்டுரை எழுதினார். சாராம்சம் இதுதான்: சுலபமான வேலையை எல்லாம் மெஷினுக்குக் குடுத்துட்டு, மெஷினால முடியாத கஷ்டமான வேலையை மட்டும் மனுஷனுக்கு விடறோம். அதே நேரத்துல தினமும் கையால செஞ்சு பழகற வாய்ப்பையும் அவன்கிட்ட இருந்து எடுத்துடறோம். அதாவது ஆட்டோமேஷன் கூடக் கூட பயிற்சி அதிகமா வேணும், குறைவா இல்ல.

1979 மார்ச் 28, அதிகாலை நாலு மணி

சிமுலேட்டர் பத்தி பேசினா அமெரிக்காவோட பென்சில்வேனியா மாநிலத்துல இருக்கற த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்துக்குப் போகாம இருக்க முடியாது. ரெண்டாவது யூனிட். வணிக உற்பத்தி தொடங்கி மூணே மாசம்தான் ஆகியிருந்தது.

ஃபீட் வாட்டர் பம்புகள் நின்னுது. டர்பைன் ட்ரிப் ஆச்சு. ரியாக்டர்ல பிரஷர் ஏறினதால அதைக் குறைக்கற ரிலீஃப் வால்வு தானா திறந்தது. சில விநாடிகள்ல ரியாக்டரும் ட்ரிப் ஆச்சு. இதுவரைக்கும் எல்லாம் டிசைன்படி. பிரஷர் இறங்கினதும் அந்த வால்வு மூடியிருக்கணும். மூடல.

கன்ட்ரோல் ரூம் பேனல்ல அந்த வால்வுக்கு ஒரு லைட் உண்டு. ஆனா அந்த லைட் காட்டினது வால்வு திறந்திருக்கா மூடியிருக்கான்னு இல்ல; "மூடு"ங்கற சிக்னல் போச்சான்னு மட்டும்தான். சிக்னல் போச்சு, லைட் அணைஞ்சது, வால்வு மூடியாச்சுன்னு எல்லாரும் நம்பிட்டாங்க. வெளியேறின தண்ணி போய்ச் சேர்ற டேங்க்கோட மீட்டர்கள் பேனலுக்குப் பின்பக்கம் இருந்தது. முதல் சில நிமிஷத்துலயே நூத்துக்கும் மேல அலாரம். அதை அச்சடிக்கற பிரிண்டரால ஈடு குடுக்க முடியாம, நேரம் ஆக ஆக ரொம்பவே பின்தங்கிப் போச்சு.

இப்போதான் முக்கியமான இடம். ரியாக்டர்ல இருந்து தண்ணி வெளிய போயிட்டே இருக்கு, பிரஷர் இறங்குது. ஆனா பிரஷரைசர்ல லெவல் மட்டும் ஏறிட்டே போகுது. பிரஷர் குறைஞ்சதால தண்ணி கொதிச்சு, நீராவிக் குமிழ் உருவாகி, மிச்சத் தண்ணியை மேல தள்ளிட்டு இருந்தது. ஆபரேட்டர்கள் அந்த லெவலைப் பார்த்து, சிஸ்டத்துல தண்ணி ஜாஸ்தியா இருக்குன்னு நெனச்சாங்க. பிரஷரைசர் முழுக்க தண்ணியால நிறைஞ்சிடக் கூடாதுன்னு அவங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குடுத்திருந்தாங்க. அதனால தானா ஸ்டார்ட் ஆன அவசர நீர் செலுத்தும் பம்புகளைக் குறைச்சாங்க. எந்தத் தண்ணி ரியாக்டரைக் காப்பாத்தியிருக்குமோ, அந்தத் தண்ணியையே.

வெளியேறும் வழியை வேறொரு வால்வால அடைச்சப்போ ரெண்டு மணி நேரத்துக்கும் மேல ஆகியிருந்தது. ரியாக்டர் கோர்ல சுமார் பாதி உருகிப் போச்சு. அந்த யூனிட் அதுக்கப்புறம் ஓடவே இல்ல.

அவங்க சோம்பேறிகளும் இல்ல, முட்டாள்களும் இல்ல. அன்னைக்கு டியூட்டியில இருந்த நாலு பேரும் அமெரிக்க கடற்படையோட அணு உலைகள்ல வேலை பார்த்துட்டு வந்தவங்க. சொல்லிக் குடுத்ததைத்தான் செஞ்சாங்க.

அவங்களும் சிமுலேட்டர்ல பயிற்சி எடுத்தவங்கதான்

இந்தக் கதையை நிறைய பேர் இதோட நிறுத்திட்டு "அதனாலதான் சிமுலேட்டர் வந்துச்சு"ன்னு முடிச்சிடுவாங்க. உண்மை அவ்வளவு சுலபமில்ல. அந்த ரியாக்டரை டிசைன் பண்ண பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கம்பெனிக்கு விர்ஜீனியா மாநிலம் லின்ச்பர்க்ல ஒரு சிமுலேட்டர் ஏற்கெனவே இருந்தது. ஆபரேட்டர்கள் அங்க பயிற்சி எடுத்திருந்தாங்க. ஆனா பிரஷர் இறங்கும்போதே பிரஷரைசர் லெவல் ஏறும் என்ற நிலைமையைக் காட்ட அந்த சிமுலேட்டருக்கு அப்போ புரோகிராம் பண்ணியிருக்கல. விசாரணை நடத்திய கெமெனி கமிஷன் இதைத் தன் அறிக்கையில பதிவு பண்ணுச்சு.

இன்னும் வருத்தமான விஷயம் ஒண்ணு இருக்கு. இதே மாதிரி நிலைமை 1977 செப்டம்பர் 24லயே வந்துடுச்சு. ஒஹாயோ மாநிலத்தோட டேவிஸ் பெஸ்ஸி நிலையம், அதே கம்பெனி டிசைன். அங்கயும் ரிலீஃப் வால்வு திறந்தபடியே சிக்கிக்கிச்சு, அங்கயும் லெவல் ஏறுச்சு, அங்கயும் அவசர நீரை நிறுத்தினாங்க. ரியாக்டர் வெறும் 9 சதவீத பவர்ல இருந்ததும், சுமார் 20 நிமிஷத்துல கண்டுபிடிச்சதும் காப்பாத்துச்சு. அந்தப் பாடம் லின்ச்பர்க் சிமுலேட்டருக்குள்ளயும் போகல, த்ரீ மைல் ஐலண்ட் ஆபரேட்டர்களுக்கும் போய்ச் சேரல.

அதனால என் வாதம் "சிமுலேட்டர் வாங்குங்க"ங்கறதோட முடியல. தப்பான சிமுலேட்டர், சிமுலேட்டரே இல்லாததை விட ஆபத்தா இருக்கலாம். ஏன்னா அது அறியாமையைக் குடுக்காது, தப்பான தைரியத்தைக் குடுக்கும்.

விபத்துக்கு அப்புறம் அமெரிக்கா இதை சீரியஸா எடுத்துக்கிச்சு. அந்த வருஷமே அணுமின் கம்பெனிகள் சேர்ந்து ஐ.என்.பி.ஓ. என்ற அமைப்பை ஆரம்பிச்சாங்க. 1987ல் வந்த விதிப்படி, ஆபரேட்டரைச் சோதிக்கற சிமுலேட்டர் ஒரு குறிப்பிட்ட நிலையத்தை அப்படியே பிரதிபலிக்கணும்னு ஆச்சு. லைசென்ஸ் வச்சிருக்கறவங்க வருஷா வருஷம் ஆபரேட்டிங் டெஸ்ட் எழுதணும். பேப்பர்ல இல்ல, பேனல் முன்னாடி.

இது அணு உலைக்கு மட்டும் இல்ல

"நிலக்கரி பிளான்ட்டுக்கு இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேட்கலாம். மூணாவது வருஷ பாய்லர் பாடத்துல 'ஷ்ரிங்க் அண்ட் ஸ்வெல்'னு ரெண்டு மார்க் கேள்வி வருமே, ஞாபகம் இருக்கா? லோடு திடீர்னு ஏறினா டிரம்மோட பிரஷர் இறங்கும். குமிழ்கள் விரியும். லெவல் ஏறற மாதிரி காட்டும். ஆனா உண்மையில தண்ணி குறைஞ்சுக்கிட்டு இருக்கும். த்ரீ மைல் ஐலண்ட் ஆபரேட்டர்களை ஏமாத்தின அதே இயற்பியலோட சின்ன தம்பி இது.

210 மெகாவாட் யூனிட் ஒண்ணுல மணிக்கு 650 டன்னுக்கு மேல நீராவி போகும். விநாடிக்குக் கணக்கு போட்டா சுமார் 180 கிலோ. லெவல் ஏறுதேன்னு ஃபீட் வாட்டரைக் குறைச்சா, யோசிக்க நிமிஷக் கணக்குல நேரம் கிடைக்காது, விநாடிக் கணக்குலதான். ஆட்டோ கன்ட்ரோல் நல்லா இருக்கற வரைக்கும் அது பார்த்துக்கும். ஒரு டிரான்ஸ்மிட்டர் தப்பா காட்ட, லூப்பை மேனுவலுக்கு மாத்தின அந்த நேரத்துல? நாம ரெண்டு மார்க் பதிலை சரியா எழுதியிருப்போம். கை என்ன செய்யும்ங்கறது வேற விஷயம்.

தமிழ்நாட்டுக்கு இது இப்போ இன்னும் அவசரம். காரணம் காத்து. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பாலக்காட்டுக் கணவாய் பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் காற்றாலைகள் கொட்டும். பகல்ல சோலார் வேற. அந்த நேரத்துல அனல்மின் யூனிட்டுகள் கீழ இறங்கணும், சாயந்திரம் திரும்ப ஏறணும். மத்திய மின்சார ஆணையம் 2023ல் கொண்டு வந்த ஒழுங்குமுறைப்படி நிலக்கரி யூனிட்டுகள் படிப்படியா 40 சதவீத லோடு வரைக்கும் இறங்கக் கத்துக்கணும்.

நம்ம பிளான்ட்டுகள்ல பலதும் முழு லோடுல நிலையா ஓடறதுக்காகக் கட்டினது. ஆபரேட்டர்களோட கையும் அப்படித்தான் பழகியிருக்கு. லோடு குறையக் குறைய ஃபர்னஸ்ல தீ தடுமாறும். எப்போ ஆயில் கன் போடணும், எந்த மில்லை நிறுத்தணும், தீ அணைஞ்சுதுன்னா அவசரப்பட்டு திரும்பப் பத்த வைக்காம ஏன் முதல்ல பர்ஜ் பண்ணணும் — இதெல்லாம் விநாடிகள்ல எடுக்க வேண்டிய முடிவுகள். எரியாத நிலக்கரித் தூள் ஃபர்னஸ்ல சேர்ந்திருக்கும்போது நெருப்பு காட்டினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல. இந்தப் புது வேலையை நிஜ பாய்லர்லயா முதல் தடவை பழகறது?

2017 நவம்பர் 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் ஊஞ்சாகார் அனல்மின் நிலைய விபத்துல 40க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. 2020ல் நெய்வேலியில் மே, ஜூலைன்னு ரெண்டு பாய்லர் விபத்துகள்; ஜூலையில நடந்ததுல மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் போனாங்க. சிமுலேட்டர் இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காதுன்னு நான் சொல்லல, ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேற. நான் சொல்ல வர்றது வேற ஒண்ணு. இறந்தவங்கள்ல பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பாய்லர் பக்கத்துல நின்னவங்க. ஏ.சி. ரூம்ல எடுக்கற முடிவு, அந்த ரூமுக்குள்ள இல்லாதவங்க மேலதான் போய் விழும். கன்ட்ரோல் ரூம் பயிற்சிங்கறது ஒரு ஊழியரோட கேரியர் விஷயம் மட்டும் இல்லங்கறதுக்கு இதைவிட வேற காரணம் வேணுமா?

எதிர்வாதங்கள்

முதல் வாதம் செலவு. முழு அளவு சிமுலேட்டர் விலை ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரே மாதிரி யூனிட்டுகள் நம்ம ஊர்ல நிறைய இருக்கு. தூத்துக்குடியில மட்டும் அஞ்சு 210 மெகாவாட் யூனிட். மேட்டூர்ல நாலு. ஒரு நல்ல மாடலைப் பண்ணி, ஒவ்வொரு யூனிட்டோட வித்தியாசத்தையும் அதுல சேர்த்துப் பயன்படுத்தலாம். அதோட, தேவையில்லாத ஒரு ட்ரிப்புக்கே உற்பத்தி நஷ்டம், திரும்ப லைட் அப் பண்ண ஆயில் செலவு, டியூப்களுக்கு வெப்ப அதிர்ச்சின்னு பில் எகிறும். அதையும் கணக்குல சேர்க்கணும்.

ரெண்டாவது, "சீனியர் கூட நின்னு கத்துக்கறதுதான் நிஜமான பயிற்சி". இதை நான் மறுக்கல. ஒரு மில்லோட சத்தத்தை வச்சே என்ன கோளாறுன்னு சொல்ற சீனியர்கள் இருக்காங்க, அதை எந்த சிமுலேட்டரும் தராது. ஆனா சீனியர் கத்துக் குடுக்க, அந்த சம்பவம் அவர் ஷிஃப்ட்ல நடக்கணும், நாமளும் பக்கத்துல நிக்கணும். அதிர்ஷ்டத்தை நம்பி பாடத்திட்டம் போட முடியாது. சரியா சொன்னா, சிமுலேட்டர்ல இன்ஸ்ட்ரக்டரா உட்கார வேண்டியவரே அந்த சீனியர்தான்.

மூணாவது, "இந்தியாவுல ஏற்கெனவே இருக்கே". இருக்கு. கூடங்குளத்துல 1000 மெகாவாட் யூனிட்டுகளுக்கான முழு அளவு சிமுலேட்டர் இருக்கு. கல்பாக்கத்துல ஃபாஸ்ட் பிரீடர் ரியாக்டருக்காக இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 'கல்பர் சிம்' என்ற சிமுலேட்டரை உருவாக்கியிருக்கு. என்.டி.பி.சி.யும் தேசிய மின் பயிற்சி நிறுவனமான என்.பி.டி.ஐ.யும் அனல்மின் சிமுலேட்டர் பயிற்சி தர்றாங்க. அதனால 'நம்மால முடியாது'ங்கற பேச்சுக்கே இடமில்ல. என் கேள்வி வேற. எத்தனை மணி நேரம்? எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை? யாருக்கெல்லாம்? விமான பைலட்டை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சோதிக்கறோம். அனல்மின் ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்தப்போ ஒரு தடவை போயிட்டு வந்தா வாழ்நாளுக்கும் போதுமா?

அப்போ என்னதான் வேணும்?

ஒண்ணு, சிமுலேட்டர் அந்த பிளான்ட்டோட ரெட்டையா இருக்கணும். அதே ஸ்கிரீன், அதே அலாரம், அதே நிறம். பிளான்ட்ல ஒரு லாஜிக் மாத்தினா சிமுலேட்டர்லயும் மாத்தணும். இல்லன்னா ரெண்டே வருஷத்துல அது வேற பிளான்ட்டோட சிமுலேட்டர் ஆயிடும்.

ரெண்டு, நிஜ ட்ரிப்போட டேட்டாவை வச்சு மாடலைத் தொடர்ந்து சரிபார்க்கணும். நம்ம நாட்டுல எந்த யூனிட்ல என்ன விசித்திரம் நடந்தாலும், அடுத்த பேட்ச் பயிற்சிக்குள்ள அது ஒரு சினாரியோவா வந்துடணும். டேவிஸ் பெஸ்ஸி பாடம் அதுதான்.

மூணு, டீமா பயிற்சி. டெஸ்க் ஆபரேட்டர், ஷிஃப்ட் இன்சார்ஜ், ஃபீல்டுல வாக்கிடாக்கியோட நிக்கறவர் எல்லாரும் சேர்ந்து. "வால்வை மூடு"ன்னு சொன்னதும் அந்தப் பக்கம் இருந்து "எந்த வால்வு, மூடியாச்சா"ன்னு திரும்பச் சொல்லி உறுதி பண்ற பழக்கம் புத்தகத்துல வராது.

நாலு, நடந்ததைத் திரும்பப் பார்க்கற நேரம். சிமுலேட்டரோட பெரிய வசதியே நடுவுல நிறுத்தலாம், பின்னாடி போகலாம், திரும்ப ஓட்டலாம். ஒரு மணி நேரம் ஓட்டினா இன்னொரு மணி நேரம் பேசணும்: "அந்த நேரத்துல நீ என்ன பார்த்த, என்ன நெனச்ச?" கேள்வி கேட்கறவர் அதட்டினா யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க. அங்க பண்ற தப்பு அப்ரைசல்ல ஏறும்னு தெரிஞ்சா எல்லாரும் நடிப்பாங்க. தப்பு பண்றதுக்காகக் கட்டின ரூம்ல தப்பு பண்ண பயந்தா, அந்த ரூம் எதுக்கு?

நம்ம பங்கு

நம்ம காலேஜ் இண்டஸ்ட்ரியல் விசிட்ல கன்ட்ரோல் ரூமை கண்ணாடிக்கு வெளிய இருந்து பார்த்துட்டு, கேன்டீன்ல சாப்பிட்டுட்டு வந்துடறோம். அடுத்த தடவை போறவங்க ஒரு கேள்வி கேளுங்க: "சார், கடைசியா எப்போ சிமுலேட்டர்ல உட்கார்ந்தீங்க, என்ன ஃபால்ட் குடுத்தாங்க?" பதில் என்னவா இருந்தாலும், அரை மணி நேர கைடட் டூரை விட ஜாஸ்தி தெரிஞ்சுக்கலாம்.

டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு கோரிக்கை. சிமுலிங்க்ல ஒரு பாய்லர் மாடலை ரன் பண்ணி, கிராஃபை ரெக்கார்டுல ஒட்டி, கையெழுத்து வாங்கறதோட லேப் முடியுது. ஒரு சின்ன மாற்றம் பண்ணுங்க சார். அந்த டிரம் மாடலை ரியல் டைம்ல ஓட விடுங்க. ஒரு ஸ்டூடன்ட் ஆபரேட்டர், இன்னொருத்தர் இன்ஸ்ட்ரக்டர். இன்ஸ்ட்ரக்டர் ரகசியமா ஒரு லெவல் டிரான்ஸ்மிட்டரைக் கெடுக்கட்டும். ஆபரேட்டர் லேப்டாப் முன்னாடி முழிக்கட்டும். பெரிய பட்ஜெட் தேவையில்ல. ஜூனியர்ஸ் நாலு பேர் சேர்ந்தா பைதான்லயே பண்ணிடலாம், நல்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் ஆச்சு.

இன்டர்வியூவுல "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?"ன்னு கடைசியா கேட்பாங்கல்ல. அப்போ குவார்ட்டர்ஸ் பத்திக் கேட்கறதுக்கு முன்னாடி சிமுலேட்டர் பத்திக் கேளுங்க. எத்தனை மணி நேரம், யார் இன்ஸ்ட்ரக்டர், எப்போ திரும்ப அனுப்புவீங்கன்னு. அந்த நாற்காலியில நாளைக்கு உட்காரப் போறது நாமதான். அதுக்குக் கீழ பாய்லர் ஓரமா ஹெல்மெட் போட்டு நிக்கறவர், நமக்கு வேலை தெரியும்னு நம்பித்தான் அங்க நிக்கறார்.